ஒருவன் எழுந்தால் ஐந்து பேரின் நட்சத்திரம் போகலாமா?

கேள்வி: ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 40 மாணவர்கள். சத்தம் அடங்காததால் எட்டுக் குழுக்களாகப் பிரித்துச் சுவரில் ஒரு சார்ட் மாட்டினேன். ஒழுங்காக இருக்கும் குழுவுக்கு நட்சத்திரம் உண்டு. யாராவது பேசினாலோ இடத்தை விட்டு எழுந்தாலோ அந்தக் குழுவின் நட்சத்திரம் ஒன்று போய்விடும். வெள்ளிக்கிழமை அதிக நட்சத்திரம் உள்ள குழுவுக்குப் பரிசு. முதல் இரண்டு வாரம் வகுப்பே மாறிவிட்டது. இப்போது இரண்டு மூன்று குழுக்கள்தான் அக்கறை காட்டுகின்றன. மற்றவை சார்ட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு குழுவில், ஒரே பையனால் எப்போதும் நட்சத்திரம் போகிறது. 'இவனை வேறு குழுவுக்கு மாற்றுங்கள் மிஸ்' என்று மற்ற நால்வரும் வந்து நிற்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒரு சிறுமி அழுதேவிட்டாள். மூத்த ஆசிரியர் ஒருவர் 'பிள்ளைகளுக்கு லஞ்சம் கொடுத்துப் பழக்குகிறீர்கள்' என்கிறார். தலைமை ஆசிரியருக்கோ சார்ட் மிகவும் பிடித்திருக்கிறது. இதை நிறுத்தட்டுமா, தொடரட்டுமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

சார்ட்டை எடுத்துவிடுங்கள். குழு முறையை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நீங்கள் நினைத்திருப்பதால்தான் இந்தச் சிக்கல்.

உங்கள் திட்டத்தின் கணக்கைப் பாருங்கள். எட்டுக் குழுக்களுக்கு ஒரே பரிசு. வகுப்பு முழுவதும் தங்கமாக நடந்துகொண்டாலும் வாரந்தோறும் ஏழு குழுக்கள், அதாவது 35 பிள்ளைகள், தோற்றே ஆக வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். திங்கட்கிழமை மூன்று நட்சத்திரம் இழந்த குழு, புதன்கிழமைக்குள் 'இந்த வாரம் நமக்கு இல்லை' என்று முடிவு கட்டிவிடும். அதற்குப் பிறகு வெள்ளிவரை அவர்கள் அமைதியாக இருக்க என்ன காரணம் இருக்கிறது? அவர்கள் சார்ட்டைப் பார்க்காமல் இருப்பதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிடைக்காது என்று தெரிந்த ஒன்றின்மேல் ஆசையை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பெரியவர்களும் அப்படித்தான் செய்வோம்.

இந்த முறை எங்கே தொடங்கியது என்று பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும். 1969-ல் ஹாரியட் பாரிஷ், மியூரியல் சாண்டர்ஸ், மாண்ட்ரோஸ் வுல்ஃப் ஆகிய மூவர், அமெரிக்காவில் அடங்காத ஒரு நான்காம் வகுப்பை எடுத்துக்கொண்டு 'நன்னடத்தை விளையாட்டு' என்ற ஒன்றை நடத்தி, அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். அனுமதியின்றி எழுந்தால், அனுமதியின்றிப் பேசினால் அந்த அணியின் பெயருக்குக் கீழே கரும்பலகையில் ஒரு கோடு. குறைந்த கோடு வாங்கிய அணிக்கு வெற்றி. இதுவரை உங்கள் சார்ட் போலத்தான். ஆனால் கூடவே இன்னொரு விதி இருந்தது: இரண்டு அணிகளும் ஐந்து கோடுகளைத் தாண்டாவிட்டால் இரண்டுமே வென்றதாகக் கொள்ளப்படும். நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு வெற்றி அட்டை, மதிய உணவு வரிசையில் முதலில் நிற்பது, நாள் முடிவில் அரைமணி நேரம் விருப்பம்போல் ஏதாவது செய்வது ஆகியவைதான் பரிசுகள். பெரும்பாலான நாட்களில் இரு அணிகளும் வென்றன. அடுத்த அணியைக் கவிழ்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

பின்னால் வந்தவர்கள் இந்த விதியைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஷெப்பர்ட் கெல்லமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985-86 கல்வியாண்டில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த விளையாட்டைத் தொடங்கினார்கள். நாலு கோட்டுக்குள் நிற்கும் எல்லாக் குழுக்களுக்கும் வெற்றி. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், வாரம் மூன்று முறை என்று சிறியதாகத் தொடங்கி மெல்ல நேரத்தைக் கூட்டினார்கள். பிறகு முன்கூட்டிச் சொல்லாமலே நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் 19 முதல் 21 வயது அடைந்தபோது அவர்களை மீண்டும் தேடிப் பார்த்தார்கள். முதல் வகுப்பிலேயே முரட்டுத்தனம் அதிகமாக இருந்த ஆண் பிள்ளைகளில், விளையாட்டில் இருந்தவர்களிடம் போதைப் பழக்கக் கோளாறுகள் குறைவாகக் காணப்பட்டன. உடனே உங்கள் சார்ட்டும் பிள்ளைகளின் எதிர்காலத்தை மாற்றிவிடும் என்று எண்ண வேண்டாம். அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நடத்தினார்கள். நான் சொல்ல வருவது சிறிய செய்திதான்: முறையாக நடத்தினால், முரண்டு பிடிக்கும் பையனுக்குத்தான் இதனால் மிகுதியான நன்மை. உங்கள் வகுப்பில் அதே பையன்தான் மிகுதியாக அடிபட்டுக்கொண்டிருக்கிறான்.

அவனைப் பற்றிச் சற்று நீளமாகப் பேச வேண்டும்.

1969 வகுப்பிலும் இப்படி இருவர் இருந்தார்கள். தொடர்ந்து தங்கள் அணிக்குக் கோடு வாங்கிக் கொடுத்தார்கள். இருவர் செய்வதற்காக அணி முழுவதையும் தண்டிப்பது நியாயமில்லை என்று ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் தோன்றியது. இருவரையும் அணியிலிருந்து பிரித்துத் தனி அணியாக வைத்தார்கள். அன்றைக்கு அது ஒரு வழி. ஆனால் உங்கள் வகுப்பில் இன்றுள்ள நிலையில் அதை அப்படியே செய்ய வேண்டாம் என்பேன். நால்வர் கேட்டார்கள், மிஸ் அவனை எடுத்துவிட்டார் என்றால், அவனை ஒதுக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அந்த நால்வரும் கற்றுக்கொள்வார்கள். அவனும் வேறொன்றைக் கற்றுக்கொள்வான்.

முதலில் மூன்று நாள் அவனைக் கவனியுங்கள். திருத்த வேண்டாம், கவனித்தால் போதும். எந்தப் பாடத்தில் எழுகிறான், எழுவதற்கு முன்னால் என்ன நடந்தது, எழுந்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு வேளையில் அமைதியாக இருந்து, எழுதச் சொன்னவுடன் மட்டும் எழுகிறான் என்றால் அவனுக்கு எழுதுவதில்தான் சிரமம். நாற்காலிமேல் பழி போட்டுப் பயனில்லை. எழுந்தவுடன் நான்கு பேர் ஒரே குரலில் அவன் பெயரைக் கூப்பிடுகிறார்கள், நீங்களும் திரும்பிப் பார்க்கிறீர்கள் என்றால், நாள் முழுவதும் வேறு எப்படியும் கிடைக்காத கவனம் அவனுக்கு ஒரு நொடியில் கிடைக்கிறது. அப்படியானால் நீங்கள் தண்டனை என்று நினைத்துப் பறிக்கும் நட்சத்திரமே அவனுக்குப் பரிசாகிவிடுகிறது. கரும்பலகை தெரிகிறதா, காது சரியாகக் கேட்கிறதா, வாசிப்பில் எந்த நிலையில் இருக்கிறான் என்பதையும் பாருங்கள். நீங்கள் குறித்ததில் கவலைப்பட ஏதாவது இருந்தால் பெற்றோரிடம் பேசி, தகுதியான ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். நோயின் பெயரை நீங்களாகச் சூட்டிவிடாதீர்கள்.

பிறகு அவனுக்கு மட்டும் ஓர் இலக்கு வையுங்கள். ஒரு பீரியடில் பத்து முறை எழுகிறவனிடம் ஒருமுறைகூட எழக் கூடாது என்று கேட்பது, அவன் தோற்பான் என்று தெரிந்தே வைக்கும் தேர்வு. ஏழு முறைக்குள் இருந்தால் வெற்றி என்று தொடங்குங்கள். கூட்டுக் கற்றல் முறைகளை உருவாக்கிய ராபர்ட் ஸ்லேவின், மதிப்பெண் விஷயத்தில் இதையே செய்தார். ஒரு மாணவன் தன் பழைய சராசரியைவிட எவ்வளவு முன்னேறினானோ அந்த அளவுக்குத்தான் குழுவுக்குப் புள்ளி கொண்டுவருவான். அதனால் பின்தங்கியவனும் முதல் மாணவன் அளவுக்குக் குழுவுக்குப் பயன்பட முடிந்தது. நடத்தைக்கும் இதே வழி பொருந்தும். இந்தப் பையன் தன் இலக்கை எட்டினால் குழுவுக்கு ஒரு புள்ளி கூடும். எட்டாவிட்டால் குழுவுக்கு எதுவும் குறையாது. அவன் பெயரில் வரவு மட்டும்தான், பற்று கிடையாது. இந்த ஏற்பாட்டை அவனிடம் தனியாகச் சொல்லுங்கள், குழுவிடம் அவனைப் பற்றிய விளக்க உரை எதுவும் வேண்டாம். இரண்டு வாரம் போனால் 'இவனை மாற்றுங்கள்' என்று வந்தவர்களே அவன் மேசையருகில் நின்று 'இன்னும் பத்து நிமிடம்தான், உட்கார்' என்று சொல்வதைப் பார்க்கலாம். எல்லா வகுப்பிலும் இப்படி நடந்துவிடாது, ஆனால் நடக்கும் வகுப்புகள் நிறைய.

இதற்கெல்லாம் முன்னால், எட்டுக் குழுக்களையும் ஒரே நாளில் கலைத்துப் புதிதாகப் பிரித்துவிடுங்கள். யாரையும் தனியே மாற்றியதாகத் தெரியக் கூடாது. பிரிக்கும்போது ஒன்று சொல்லிவிடுகிறேன், இது என் பழைய எரிச்சல். குறும்புக்காரப் பையன்களுக்கு நடுவில் அமைதியான பெண் பிள்ளைகளைத் தடுப்புச் சுவர் மாதிரி உட்கார வைக்கும் வழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது. அந்தச் சிறுமி நாள் முழுவதும் பாடம் படிக்க வந்திருக்கிறாளா, காவல் காக்க வந்திருக்கிறாளா? உங்களிடம் அழுத சிறுமியை அப்படி உட்கார வைத்திருந்தீர்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அதே காரணத்தால் கோடு போடும் சாக்பீஸைக் குழுத் தலைவர் கையில் கொடுக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் நண்பனைத் தண்டிக்கும் அதிகாரம் தேவையில்லை. கொடுத்தால் இடைவேளையில் அதற்குக் கணக்குத் தீர்ப்பார்கள்.

இனி விளையாட்டின் அமைப்பு. நாள் முழுவதும் நடத்தாதீர்கள். அதிகத் தொல்லை தரும் ஒரே ஒரு பீரியடை எடுத்து, அதிலும் முதலில் 15 நிமிடம் போதும். நாள் முழுக்க நாற்பது பேரையும் கவனித்துப் புள்ளி போட எந்த ஆசிரியராலும் முடியாது. சோர்ந்த பிறகு கண்ணில் படுவதற்கு மட்டும் குறிப்போம். கண்ணில் படுவது எப்போதும் அதே நாலு பேர்தான். விதிகள் இரண்டு அல்லது மூன்று போதும், செய்ய வேண்டியதாக இருக்கட்டும்: பேச வேண்டுமானால் கை தூக்கு, எழ வேண்டுமானால் கேட்டுவிட்டு எழு. 'ஒழுங்காக இரு' என்பது விதியாகாது, அதை எப்படிச் செய்வது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. 1968-ல் மேட்சன், பெக்கர், தாமஸ் மூவரும் வகுப்பறைகளில் சோதித்துப் பார்த்தபோது, விதிகளை எழுதி மாட்டியதால் மட்டும் பெரிதாக எதுவும் மாறவில்லை. சிறு தவறுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டு, சரியாகச் செய்ததைப் பாராட்டியபோதுதான் மாற்றம் வந்தது. ஆகவே விதியை ஒரு பாடமாகவே நடத்துங்கள். எழுந்து, கை தூக்கி, கேட்டு, உட்கார்ந்து நடித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறான முறையையும் ஒருமுறை நடிக்கவிட்டால் சிரிப்பு வரும், மறக்கவும் மாட்டார்கள்.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதை ஊகித்துச் சொல்லிவிடாதீர்கள். விளையாட்டைத் தொடங்கும் முன், அதே 15 நிமிடத்தில் குழுக்கள் சராசரியாக எத்தனை முறை விதியை மீறுகின்றன என்று இரண்டு நாள் எண்ணுங்கள். எட்டு என்று வந்தால் ஆறுக்குள் நிற்பவர்களுக்கெல்லாம் வெற்றி. முதல் வாரம் ஏழெட்டுக் குழுக்களும் வெல்லும்படி இருந்தால் நல்லது. பிறகு ஐந்து, நாலு என்று இறக்கிக்கொண்டே வரலாம்.

கொடுத்த புள்ளியை மட்டும் எக்காரணத்தாலும் திரும்பப் பறிக்காதீர்கள். மீறலைக் குறிப்பது வேறு, சம்பாதித்ததைப் பிடுங்குவது வேறு. காலையில் உழைத்து வாங்கிய நட்சத்திரம் மதியம் வேறொருவன் செய்ததால் போகும்போது பிள்ளைகளுக்கு வரும் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் உங்கள்மேல் வராது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவன்மேல்தான் போகும். கோடு போடும்போது குரலை உயர்த்தாமல் 'நீல அணி, அனுமதி கேட்காமல் எழுந்ததற்கு ஒன்று' என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். வழக்காட வந்தால் கேட்காதீர்கள். இடையிடையே 'சிவப்பு அணியில் எல்லாரும் கை தூக்கிக் கேட்டார்கள்' என்று சொல்ல மறக்கவும் வேண்டாம்.

பரிசு விஷயத்தில் வெள்ளிக்கிழமை மிகவும் தூரம். முதல் சில நாட்கள் அந்தப் பீரியட் முடிந்தவுடனேயே கொடுங்கள், பிறகு நாள் முடிவுக்குத் தள்ளலாம், அதற்கும் பிறகு வாரக் கடைசிக்கு. காசு கொடுத்து வாங்கும் பொருள் எதுவும் தேவையில்லை. பிள்ளைகள் தானாகவே விரும்பிச் செய்வதை, அவர்கள் விரும்பாத வேலைக்குப் பின்னால் வைத்தால் அதுவே பரிசாகும் என்று 1959-லேயே டேவிட் பிரேமாக் எழுதினார். வகுப்பில் அவர்கள் எதற்குத் துடிக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து நிமிடம் கூடுதல் விளையாட்டு, நண்பன் பக்கத்தில் உட்காருவது, நீங்கள் கதையில் எந்த அத்தியாயத்தை வாசிக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்வது, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பது. என்ன பரிசு என்பதை எழுதி உறையில் ஒட்டி வைத்துவிட்டுக் கடைசியில் பிரித்துப் பாருங்கள், ஆர்வம் குறையாது. வீட்டுப்பாடம் இல்லை என்று மட்டும் பரிசளிக்காதீர்கள். வீட்டுப்பாடம் ஒரு தண்டனை என்று நாமே சான்றிதழ் கொடுப்பதாகிவிடும். தோற்ற குழுவுக்கு உள்ள வழக்கமான விளையாட்டு நேரத்தைக் குறைப்பதும் கூடாது.

'லஞ்சம்' என்று சொன்ன உங்கள் மூத்த ஆசிரியர் பாதி சரி. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர், மழலையர் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துச் சும்மா விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. எனவே கதைப் புத்தகம் வாசிப்பதற்கும் படம் வரைவதற்கும் புள்ளி போடாதீர்கள், அந்த ஆசையை நீங்களே விலை பேசிவிடுவீர்கள். ஆனால் பெருக்கல் கணக்கு நேரத்தில் கை தூக்கிப் பேசுவதை எந்தப் பிள்ளையும் ஆசைப்பட்டுச் செய்வதில்லை. அங்கே கெடுப்பதற்கு ஆசை எதுவும் இல்லை. அவர் அஞ்சும் தீங்கு வேறொரு வழியில் வரும்: வகுப்பு இரைந்துகொண்டிருக்கும்போது 'இப்போது நிறுத்தினால் பரிசு தருகிறேன்' என்று நடுவில் பேரம் பேசினால், பரிசு வேண்டும்போதெல்லாம் இரைச்சல் போட வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே நாளில் புரிந்துகொள்வார்கள். நிபந்தனை எப்போதும் ஆட்டம் தொடங்கும் முன் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொரு வகை ஏற்பாடும் உண்டு, உங்கள் வகுப்புக்குச் சில மாதம் கழித்துப் பொருந்தலாம். எல்லாப் பெயர்களையும் சீட்டாக எழுதிப் பெட்டியில் போட்டு, ஆட்டம் முடிந்ததும் உங்களுக்கு மட்டும் தெரிய ஒன்றை எடுங்கள். அந்தப் பிள்ளை விதியைக் காத்திருந்தால் பெயரைச் சொல்லி, அவனால் வகுப்புக்கே பரிசு என்று அறிவியுங்கள். காக்கவில்லை என்றால் 'இன்று இல்லை' என்று மட்டும் சொல்லிச் சீட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள், பெயர் ஒருபோதும் வெளியே வரக் கூடாது. அந்தப் பையன் நன்றாக இருந்த ஒரு நாளில் அவன் சீட்டு வந்தால் அது பத்து அறிவுரைக்குச் சமம்.

1969 ஆய்வாளர்கள் விளையாட்டை நடுவில் நிறுத்திப் பார்த்தார்கள். பழைய சத்தம் திரும்ப வந்தது; மறுபடி தொடங்கியதும் அடங்கியது. ஆகவே ஓரிரு மாதத்தில் பழகிவிட்டார்கள் என்று எண்ணி ஒரே நாளில் கைவிட வேண்டாம். தினமும் என்பதை வாரம் மூன்று நாள் ஆக்குங்கள், பிறகு என்றைக்கு என்று சொல்லாமல் நடத்துங்கள். பாராட்டுச் சொல்லை மட்டும் குறைக்காதீர்கள்.

தலைமை ஆசிரியரிடம் சார்ட்டைப் பற்றிப் பேசும்போது குறை சொல்லித் தொடங்காதீர்கள். 'முதல் இரண்டு வாரம் நன்றாக வேலை செய்தது, அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகிறேன்' என்று சொல்லி, நீங்கள் எண்ணிய எண்களைக் காட்டுங்கள். சுவர் காலியாக இருப்பது அவருக்கு உறுத்தினால் பிள்ளைகள் வரைந்ததை மாட்டலாம். கோடுகள் கரும்பலகையின் ஓரத்தில் இருந்தால் போதும், பீரியட் முடிந்ததும் அழித்துவிடலாம். நேற்று யார் தோற்றார்கள் என்று மறுநாள் காலை வகுப்புக்குள் வரும் எந்தப் பிள்ளையும் படிக்க வேண்டியதில்லை.

அழுத சிறுமியிடம் இந்த வாரமே தனியாகப் பேசிவிடுங்கள். அவள் கேட்டது நியாயம்தான் என்று சொல்லுங்கள், விதியை மாற்றப்போவதையும் சொல்லுங்கள். பையனைப் பற்றி அவளிடம் எதுவும் பேச வேண்டாம்.